பெஞ்சுக்கு ஒரு நம்பர்

நாற்காலி என்றால் உட்காருவதற்கு என்று நினைத்துக்கொண்டே ஐம்பத்திரண்டு வயதுவரை காலத்தை ஓட்டிவிட்டாள் பட்டறைக்காரி. அது எவ்வளவு பெரிய அறியாமை என்பது அந்தக் கடிதம் வந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

கடிதம் அறைகலன் வகைப்பாட்டு ஆணையத்திலிருந்து வந்திருந்தது. அறைகலன் என்றால் வேறொன்றுமில்லை. மேசை, நாற்காலி, கட்டில், பீரோ என்று நாம் சொல்கிறோமே, அதுதான். ஆனால் ஆணையத்தின் கட்டடத்துக்குள் அந்தச் சொற்களை உச்சரிப்பது பெரியவர்கள் முன்னால் கால்மேல் கால் போட்டு உட்காருவதற்குச் சமம். ஊர் அந்தக் கட்டடத்தை 'நம்பர் ஆபீஸ்' என்றே அழைத்தது. எந்தப் பட்டறையில் எதைச் செய்தாலும் அது இன்ன தொழில், இன்ன பிரிவு, இன்ன உட்பிரிவு என்று தீர்மானித்துப் பதினோரு இலக்கத்தில் ஓர் எண் கொடுப்பது அவர்கள் வேலை. கடிதத்தில் இருந்த நான்கு பக்கத்தைப் பிழிந்தால் ஒரு வாக்கியம் தேறியது: எண் வாங்காத பட்டறைக்கு மாதக் கடைசியோடு மின்சாரம் துண்டிக்கப்படும்.

அன்றைக்குத் தேதி நான்கு.

பட்டறையில் மூன்றே பேர். அறுப்பது, இழைப்பது, பொருத்துவது எல்லாம் அவள். பாலிஷ் போடுவது அவள் வீட்டுக்காரர். அவர் நாளைக்கு ஒரு 'ம்' என்ற அளவில் பேசுகிறவர். இருக்கைக்கு மெத்தை தைப்பது நாத்தனார். அண்ணன் பேசாமல் மிச்சம்பிடித்த சொற்களையெல்லாம் தங்கை செலவழித்துக்கொண்டிருந்தாள்.

அந்த மாதம் கையில் இருந்தது ஒரு மருத்துவமனை வேலை. நாற்பது பெஞ்சுகள். அவை சும்மா பெஞ்சுகள் அல்ல. இரண்டு வருஷத்துக்கு முன் வீட்டுக்காரருக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தபோது, பட்டறைக்காரி ஒன்பது நாள் மருத்துவமனை மாடிப்படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்தாம் நாள் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஒரு பெஞ்சு செய்தாள். உட்காரலாம், பலகையைத் தூக்கினால் உள்ளே பெட்டி, பையைப் போட்டு மூடலாம், முடியவில்லை என்றால் காலை நீட்டிப் படுக்கலாம். அதைப் பார்த்த மருத்துவமனைக்காரர்கள் அதேபோல நாற்பது கேட்டார்கள். நான்கு முடிந்திருந்தன. பெரிய ரம்பம் நின்றால் மிச்சம் முப்பத்தாறும் நின்றுவிடும். படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறவர்கள் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

"போய் நம்பரை வாங்கிட்டு வந்துடுங்க அண்ணி," என்றாள் நாத்தனார். "நாம செய்யறது பெஞ்சுதான்னு ஒருத்தர் பார்த்துச் சொல்லணும், அவ்வளவுதானே. கண்ணு இருந்தா போதும்."

வீட்டுக்காரர் அன்றைய 'ம்'மைச் சொன்னார்.

பட்டறைக்காரியிடம் ஒரு பழக்கம் உண்டு. எங்கே போனாலும் உட்காருவதற்கு முன் நாற்காலியின் அடியைக் குனிந்து பார்ப்பாள். மேலே பார்த்தால் பாலிஷ் தெரியும், அடியில் பார்த்தால்தான் ஆள் தெரியும் என்பது அவள் கொள்கை. ஒருமுறை துக்கம் கேட்கப் போன வீட்டில்கூடக் குனிந்துவிட்டாள். துயரம் தாங்காமல் சரிகிறாள் என்று நான்கு பேர் ஓடிவந்து தூக்கி நிறுத்தினார்கள். நம்பர் ஆபீஸிலும் அதே எண்ணத்தோடுதான் நுழைந்தாள். ஆனால் குனிந்து பார்க்க அங்கே ஒன்றும் இல்லை.

நீளமான நடைகூடம். ஒரு முனையில் டோக்கன் கொடுக்கும் இயந்திரம், மறுமுனையில் ஜன்னல். நடுவே நூறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். உட்கார ஒரு முக்காலிகூடக் கிடையாது. எத்தனையோ வருஷமாக ஜனங்கள் சாய்ந்து சாய்ந்து, சுவரில் முதுகு உயரத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை எண்ணெய்ப் பிசுக்காக ஓடியது. அதற்குமேல் தலை உயரத்துக்கு இன்னொன்று. நாட்டின் மேசை நாற்காலிகளையெல்லாம் ஆளும் அலுவலகத்தில் ஜனங்களுக்கு வாய்த்த ஒரே அறைகலன் அந்தச் சுவர்தான்.

அவளுக்கு முன்னால் மெத்தை செய்கிறவர் ஒருவர் நின்றிருந்தார். மூன்று வருஷமாக நிற்கிறாராம். சட்டப்படி மெத்தையும் அறைகலன் தொழிலில்தான் சேரும். ஆனால் படிவத்தில் 'கால்களின் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம் இருந்தது.

"பூஜ்யம்னு போட்டா திருப்பி அனுப்புறாங்கம்மா," என்றார் மெத்தைக்காரர். "நாலுன்னு போட்டா காலைக் காட்டுங்கறாங்க. போன வருஷம் என் காலையே காட்டிப் பார்த்தேன். ரெண்டுதான் இருக்கு, மீதி ரெண்டு எங்கேன்னுட்டாங்க."

கக்கத்தில் ஒரு கட்டுப் படிவங்களை இடுக்கியிருந்தார். ஆணையம் அச்சடித்த எல்லாப் படிவத்திலும் அவரிடம் பத்துப் பத்து இருந்தன. எது எப்போது தேவைப்படும் என்று யார் கண்டது.

மூன்று மணி நேரம் கழித்து ஜன்னலில் அவள் முறை வந்தது. உள்ளே இருந்த குமாஸ்தா நாற்பது கேள்விகள் கொண்ட படிவத்தைத் தந்தார். பட்டறைக்காரி அதை மெத்தைக்காரரின் முதுகில் வைத்து எழுதினாள். பதினான்காவது கேள்வி: 'பொருள் நகர்த்தக்கூடியதா?' அவள் எழுதினாள்: 'தூக்குகிறவர்களைப் பொறுத்தது.'

குமாஸ்தா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

"ஆம்னு போட்டுட்டுப் போயிருக்கலாமேம்மா. யாரு உங்களை யோசிக்கச் சொன்னது?"

"ரெண்டு பேர் தூக்கினா நகரும். ஒருத்தர் தூக்கினா நகராது. அதானேங்க உண்மை."

குமாஸ்தா பேனாவை மூடினார். அவருடைய இருபத்தாறு வருஷ சேவையில் அந்தப் படிவத்தில் உண்மை எழுதப்பட்டது அதுவே முதல் தடவை. அப்படி நேர்ந்தால் என்ன செய்வது என்று கையேட்டில் இல்லை. கையேட்டைப் புரட்டிக்கொண்டே அவர் நிலைமையை விளக்கினார். நகர்ந்தால்தான் அது அறைகலன். நகராதது எதுவானாலும் கட்டடம். கட்டடத்தின்மேல் ஆணையத்துக்கு ஒரு துளி அதிகாரமும் கிடையாது, கைவைக்கவே முடியாது. அதனால் முதலில் நகருகிறதா என்று சோதிக்க வேண்டும். சோதனை செய்கிற அதிகாரி வருவார்.

நகர்வுச் சோதனை அலுவலர் பதினோராம் தேதி பட்டறைக்கு வந்தார். இடுப்பில் பட்டை கட்டியிருந்தார். வந்ததும் ஒரு மருத்துவச் சான்றிதழை எடுத்துக் காட்டினார்: முதுகுத் தண்டில் கோளாறு, இரண்டு கிலோவுக்குமேல் எதையும் தூக்கவோ தள்ளவோ கூடாது.

"அப்ப எப்படிங்க நகர்த்திப் பார்ப்பீங்க?" என்றாள் பட்டறைக்காரி.

அலுவலர் பெருமையோடு சொன்னார். முன்பு இந்தப் பதவியில் ஒரு பலசாலி இருந்தாராம். அவர் கைவைத்ததெல்லாம் நகர்ந்துவிட்டது. அதனால் நாட்டில் இருந்ததெல்லாம் அறைகலன் ஆகிப்போய், ஒரு பாலத்துக்குக்கூட எண் கேட்டு விண்ணப்பம் வரும்படி ஆயிற்றாம். வேலைப்பளு தாங்காமல்தான் ஆணையம் நாடு முழுக்கத் தேடி இவரைக் கண்டுபிடித்தது. "நான் வந்தப்புறம் எதுவுமே நகரலை. மூணு முறை பாராட்டுப் பத்திரம் குடுத்திருக்காங்க."

பெஞ்சின் ஓரத்தில் ஆள்காட்டி விரலை வைத்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்து அழுத்தினார். விரல் வளைந்தது. பெஞ்சு அப்படியே இருந்தது.

"நகரவில்லை," என்று எழுதிக்கொண்டார். "ஆகவே கட்டடம். அஸ்திவாரம் எத்தனை அடி?"

"கட்டடமாம் அண்ணி," என்றாள் நாத்தனார் ஊசியில் நூலைக் கோத்தபடி. "நாலு கட்டடத்துக்குச் சொந்தக்காரி நீங்க. சொல்லவே இல்லை பாருங்க."

சோதனையில் களைத்துப்போன அலுவலர் கொஞ்சம் உட்கார்ந்துகொள்வதாகச் சொல்லி அந்தக் கட்டடத்தின்மீதே உட்கார்ந்தார். பை இடைஞ்சலாக இருந்தது. பலகையைத் தூக்கி உள்ளே வைத்து மூடினார். சற்று நேரத்தில் காலை நீட்டினார். பிறகு இரண்டரை மணி நேரம் பட்டறையில் ரம்பத்தின் சத்தத்தைவிட அவர் குறட்டைதான் ஓங்கி ஒலித்தது. எழுந்து முகம் கழுவிக்கொண்டு, முதுகு இவ்வளவு லேசாக இருந்து பல வருஷம் ஆகிறது என்றார். அதனால் அறிக்கை தெளிவாகிவிடும் என்று பட்டறைக்காரி நினைத்தாள்.

அறிக்கை தெளிவாகத்தான் இருந்தது. உட்கார்ந்ததால் அது இருக்கை, பை வைத்ததால் கொள்கலன், படுத்ததால் கட்டில், நகராததால் கட்டடம். நான்குமே அரசு அலுவலர் ஒருவரால் நேரில் அனுபவித்து உறுதி செய்யப்பட்டவை. ஒரு பொருளுக்கு நான்கு எண் கொடுக்க முடியாது. நான்கு பொருளுக்கு ஓர் எண்ணும் கொடுக்க முடியாது. விவகாரம் உயர்நிலைக் குழுவுக்குப் போயிற்று. பூதம் கிளம்புவதற்குக் கிணறுகூட வெட்ட வேண்டியிருக்கவில்லை; ஒரு பெஞ்சு போதுமானதாக இருந்தது.

குழு இருபத்திரண்டாம் தேதி கூடியது. நாத்தனாரும் கூடவே வந்தாள். உள்ளே பளிங்குக் கல்லில் நீண்ட மேசை. அதைச் சுற்றி ஐந்து உறுப்பினர்கள். தலைப்பக்கத்தில் ஆணையத்தின் இயக்குநர், சாய்வதும் சுழல்வதுமான ஒரு தோல் நாற்காலியில் மெல்லச் சாய்ந்து மெல்லச் சுழன்றுகொண்டிருந்தார். விண்ணப்பதாரர்கள் நிற்க வேண்டும் என்பதற்காக ஒரு சதுரம் தரையில் வண்ணத்தால் வரையப்பட்டிருந்தது. பெஞ்சைக் கொண்டுவந்து காட்டட்டுமா என்று பட்டறைக்காரி கேட்டாள். வாசலில் வண்டியில் இருக்கிறது.

உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இயக்குநர் பொறுமையாகச் சிரித்தார்.

"பொருளைப் பார்த்துட்டா அப்புறம் நடுநிலையா முடிவெடுக்க முடியாதும்மா. பதினெட்டு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். ஒரு அறைகலனைக்கூட நான் நேர்ல பார்த்ததில்லை. அதனாலதான் எங்க முடிவுகள்ல தப்பே வர்றதில்லை."

பிறகு குழு ஆராய்ந்தது. இந்தப் பெஞ்சு யாருக்கு என்று ஓர் உறுப்பினர் கேட்டார். ஆஸ்பத்திரியில் காத்திருக்கிறவர்களுக்கு என்றாள் பட்டறைக்காரி. பட்டியலைப் புரட்டினார்கள். வீட்டு அறைகலன் இருந்தது, அலுவலக அறைகலன் இருந்தது, பள்ளி அறைகலன் இருந்தது. நோயாளியின் கட்டில் மருத்துவக் கருவி என்று எங்கோ எழுதியிருந்தது. காத்திருக்கிறவர் எங்கேயும் இல்லை.

"அவங்க நோயாளியா?"

"இல்லைங்க."

"டாக்டரா?"

"இல்லைங்க. கூட வந்தவங்க."

"கூட வந்தவங்கன்னு ஒரு பிரிவே கிடையாதே," என்றார் அந்த உறுப்பினர், அப்படிப்பட்டவர்களைப் படைத்ததே அவள்தான் என்பதுபோல. காத்திருப்பவர் ஓரிடத்தில் இருப்பவர் அல்ல, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு இடையே இருப்பவர். ஆகவே இது போக்குவரத்துத் துறைக்கும் போக வேண்டும் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் அதை வழிமொழிந்துவிட்டு எதை வழிமொழிந்தோம் என்று விசாரித்தார். கடைசியில் விவகாரத்தைச் சம்பந்தப்பட்ட எல்லாத் துறைகளுக்கும் அனுப்புவது, பதில் வந்ததும் பதினெட்டு மாதத்தில் எண் வழங்குவது என்று முடிவாயிற்று.

"அதுவரைக்கும் கரண்ட்டு?" என்றாள் பட்டறைக்காரி.

"அது எங்க துறை இல்லைம்மா."

"துண்டிக்கச் சொன்னது உங்க கடிதம்தானுங்களே."

"சொல்றது எங்க துறை. துண்டிக்கறது அவங்க துறை."

பட்டறைக்காரி, கோபத்தில் இருக்கிறவர்கள் சம்பந்தமில்லாமல் கேட்பதுபோல, "வெளியில நூறு பேர் நிக்கறாங்களே, அங்கேயாவது ஒரு பெஞ்சு போடக்கூடாதா?" என்று கேட்டாள்.

இயக்குநர் நிஜமாகவே வருத்தப்பட்டார். நாற்காலியை ஒரு முழுச் சுற்று சுற்றி நின்றார்.

"நாங்க என்ன ஈரமில்லாதவங்களாம்மா? நடைகூடத்துல பெஞ்சு போடணும்னு பதினாறு வருஷமா கோப்பு ஓடுது. ஆனா விதி ஒன்பது இருக்கே. எண் இல்லாத பொருள் இந்தக் கட்டடத்துக்குள்ள இருந்தா, எந்தச் சாமானியன் ஆட்சேபம் எழுதிக் குடுத்தாலும் சரி, இருபத்துநாலு மணி நேரத்துல சீல் வெச்சாகணும். இன்னார்னு பார்க்கக்கூடாது. அந்த விதியை எழுதினதே நான்தான். சட்டத்துக்கு முன்னாடி எல்லாரும் சமம்."

சொல்லிவிட்டுச் சாய்ந்தார். சாய்ந்தபோது நாற்காலியிலிருந்து 'கிறீச்' என்று ஒரு சத்தம் வந்தது. மரமும் இரும்பும் முனகினால் பட்டறைக்காரியின் முதுகு தானாக வளையும். வளைந்தது. குனிந்து அடியில் பார்த்தாள்.

"என்னம்மா தேடறீங்க?"

"ஒண்ணுமில்லைங்க. பழக்கம்."

நிமிர்ந்தபோது அவள் முகத்தில் இருந்ததை நாத்தனார் பார்த்தாள். பட்டறையில் இரண்டு பலகை மயிரிழைகூடப் பிசகாமல் பொருந்தும்போது மட்டும் வருகிற முகம் அது.

நடைகூடத்துக்கு வந்ததும் நேரே மெத்தைக்காரரிடம் போனாள். "ஆட்சேபம் எழுதற படிவம் இருக்குங்களா?"

"இருபத்தேழாம் நம்பர் படிவம். பத்து இருக்கு," என்றார் மெத்தைக்காரர். மூன்று வருஷத்தில் அவரிடம் ஒருவர் படிவம் கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்பதற்கு முன்பே முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

அவள் எழுதினாள். இயக்குநரின் இருக்கைக்கு அடியில் ஐந்து சக்கரங்கள் உள்ளன. சக்கரத்தின்மேல் உள்ள இருக்கை வண்டியின் இருக்கை. அது அறைகலன் அல்ல, வாகன உதிரிப்பாகம். அதை ஓட்டுகிறவரிடம் உரிமம் இருக்கிறதா என்று தெரியவில்லை. உறுப்பினர்களின் ஐந்து இருக்கைகளும் தரையோடு திருகாணியால் முடுக்கப்பட்டுள்ளன. இயக்குநருக்குப் பக்கத்தில் யார் உட்காருவது என்ற தகராறில் அவை தினமும் இடம் மாறியதால் அப்படிச் செய்ததாகச் சொல்கிறார்கள். நகராதவை, ஆகவே கட்டடம். மேசை பளிங்கு, அது கல்வேலை. அலமாரிகளை நகர்வுச் சோதனை அலுவலரை விட்டு நகர்த்திப் பார்க்கவும். எதன் அடியிலும் எண் பொறித்த தகடு இல்லை, நானே பார்த்தேன்.

"ஒண்ணு விட்டுட்டீங்க அண்ணி," என்றாள் நாத்தனார். "குப்பைக்கூடை."

"அது நகரும்."

"நகர்ந்தா? நம்பர் இருக்கா?"

அதையும் எழுதினாள்.

குமாஸ்தா படிவங்களை வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தார். முகம் சுருங்கியது, விரிந்தது, பிறகு மிக அமைதியாகிவிட்டது. ஆணையத்தால் எதை வேண்டுமானாலும் செய்ய முடியும், முறையாக நிரப்பிய படிவத்தைப் புறக்கணிப்பதைத் தவிர. முத்திரையைக் கையில் எடுத்தவர் சற்றுத் தயங்கினார்.

"என் நாற்காலியை எழுதலையேம்மா. ஒரு காலுக்குப் பதிலா செங்கல் வெச்சிருக்கு. வேற நாற்காலி கேட்டு எழுதி ஒன்பது வருஷம் ஆச்சு."

"பாவம், நீங்க உட்கார்ந்துக்கங்கன்னுதான் விட்டேன்."

"சட்டத்துக்கு முன்னாடி எல்லாரும் சமம்," என்று சொல்லிப் பத்தாவது படிவத்தை அவரே நிரப்பி, அவரே பெற்றுக்கொண்டு, அவரே முத்திரை குத்தினார். எழுந்து நின்றுதான் குத்தினார்.

மறுநாள் காலை பதினொரு மணிக்குள் ஆணையத்தின் எல்லா நாற்காலிகளும் துணி சுற்றி அரக்கு முத்திரையோடு நின்றன. குப்பைக்கூடையும். அலுவலர்கள் பக்கத்தில் நின்றார்கள். தரையில் உட்காரலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். தரையும் கட்டடம் என்பது நினைவுக்கு வந்தது. வாகன இருக்கையைப் பற்றிப் போக்குவரத்துத் துறையிடம் கேட்டார்கள். அவர்கள் அதற்கு முகப்பு விளக்கு உண்டா என்று கேட்டு எழுதினார்கள். விதி ஒன்பதைத் திருத்தலாம் என்றால் அதற்குக் குழு கூட வேண்டும்; குழு கூடினால் 'அமர்ந்தது' என்று குறிப்பில் எழுத வேண்டும்; அமர வழியில்லை.

நிற்க ஆரம்பித்த பிறகு அந்த அலுவலகத்தில் நடந்ததை ஊர் இன்னும் நம்பவில்லை. இரண்டு மணி நேர விசாரணைகள் நான்கு நிமிஷத்தில் முடிந்தன. இயக்குநரின் வாராந்தர உரை எப்போதும் ஒன்றே கால் மணி நேரம் போகும். கால் வலித்தால் அது ஏழு வாக்கியம்தான் என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. மூன்றாம் நாள், கால்களின் எண்ணிக்கையைப் பற்றி வாதாட யாருக்கும் கால் இல்லாததால், மெத்தைக்காரருக்கு எண் கிடைத்துவிட்டது. அவர் அதை வாங்கிக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றார். வேறெங்கே போவது என்று அவருக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

ஆனால் பட்டறைக்காரியின் விண்ணப்பத்தை மட்டும் யாரும் தொடவில்லை. தொட்டால் அவள் ஜெயித்ததாகிவிடும். இருபத்தெட்டு, இருபத்தொன்பது என்று தேதி நகர்ந்தது. அவள் ரம்பத்தை நிறுத்தாமல் அறுத்துக்கொண்டிருந்தாள். மின்சாரம் போவதற்குள் எத்தனை பலகை அறுக்க முடியுமோ அத்தனை.

இருபத்தொன்பதாம் தேதி மத்தியானம் மூன்று மணிக்கு இயக்குநரே பட்டறைக்கு வந்தார். கணுக்கால்கள் வீங்கியிருந்தன. உள்ளே வந்ததும் அவர் கண் நான்கு பெஞ்சுகளின்மீதும் விழுந்து, அங்கேயே தங்கிவிட்டது. பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக ஓர் அறைகலனை நேரில் பார்த்தார்.

"உட்காருங்கன்னு சொல்ல ஆசைதான் சார்," என்றாள் நாத்தனார். "நம்பர் இல்லையே."

இயக்குநர் தூணில் சாய்ந்துகொண்டார். அரசுச் சின்னம் பொறித்த கோப்பைப் பிரித்தபடி பேசினார். நாட்டில் எண் உள்ள இருக்கை எதையாவது வாங்கிப் போடலாம் என்று தேடினார்களாம். ஆணையம் பதினெட்டு வருஷத்தில் எண் கொடுத்தவை மொத்தம் ஆறு. ஐந்து, துணி மாட்டுகிற கொம்புகள். ஆறாவது மெத்தை. மெத்தையில் படுத்துக்கொண்டு அரசாங்கம் நடத்தினால் பார்க்க நன்றாக இருக்காது. ஆகவே பொதுநலன் கருதி இந்தப் பெஞ்சுக்கு ஓர் எண் கொடுக்க ஆணையம் தயார். 'பிற, வேறெங்கும் சேராதவை' என்ற பிரிவில்.

"பிற வேண்டாங்க," என்றாள் பட்டறைக்காரி. கையிலிருந்த இழைப்புளியைக் கீழே வைக்கவில்லை. "காத்திருப்பவர் பெஞ்சுன்னு போடுங்க."

"அப்படி ஒரு பிரிவு இல்லைன்னு அன்னைக்கே..."

"அவங்க இருக்காங்க சார். நான் ஒன்பது நாள் அங்கே இருந்தேன். உங்க வாசல்ல தினம் நூறு பேர் இருக்காங்க. உங்க லிஸ்ட்லதான் இல்லை. நீங்க எழுதற வரைக்கும் நான் நிக்கறேன். எனக்கு நின்னு பழக்கம். உங்களுக்கு?"

வீட்டுக்காரர் பாலிஷ் துணியைக் கையில் பிடித்தபடி, "ம்," என்றார். அது அன்றைக்கு இரண்டாவது.

இயக்குநர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். மறுபடி மாறினார். பிறகு பேனாவை எடுத்தார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார்: 'காத்திருப்பவர் பெஞ்சு. காத்திருக்கிறவர் உட்காரவும், பையை வைக்கவும், முடியாதபோது படுக்கவும் ஆனது.' பெஞ்சு என்ற இடத்தில் நீள் இருக்கைக்கலன் என்று போடப் பார்த்தார். அவள் பார்த்த பார்வையில் பெஞ்சு என்றே போட்டார். பதினோரு இலக்க எண்ணும் முத்திரையும் விழுந்தன.

"முதல் பெஞ்சு எங்களுக்கு வரணும்," என்றார் போகும்போது.

"முதல் பெஞ்சு உங்க ஆபீஸுக்குத்தான் சார். நாளைக்குக் காலையில நானே கொண்டுவந்து போடறேன்."

சொன்ன சொல் தவறவில்லை. முப்பதாம் தேதி காலை கம்பத்தடியில் இடுக்கியோடு நின்ற மின்சாரக்காரருக்கு எண்ணைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டு, பெஞ்சை வண்டியில் ஏற்றிக்கொண்டு மூவரும் நம்பர் ஆபீஸுக்குப் போனார்கள். மெத்தைக்காரர் ஒரு கை பிடித்தார். இயக்குநரின் அறைக்கதவு விரியத் திறந்து காத்திருந்தது. அவர்கள் கதவுவரை போகவில்லை. நடைகூடத்தில், சுவரில் கறுப்புப் பட்டை மிக அடர்த்தியாக இருந்த இடத்தில் பெஞ்சை இறக்கினார்கள். பட்டறைக்காரி ஆணையத்தின் சுவரிலேயே பிளக் பாயிண்ட்டைக் கண்டுபிடித்து, ஆணையத்தின் மின்சாரத்திலேயே தரையில் துளை போட்டு, முளை அடித்து, நான்கு மூலையிலும் விரல் நீளத் திருகாணியை இறுக்கி முடுக்கினாள்.

சத்தம் கேட்டு இயக்குநர் வெளியே வந்தார். பின்னால் ஐந்து உறுப்பினர்களும்.

"இங்கே எதுக்கும்மா? உள்ளே கொண்டாங்க."

"நகராதுங்க."

"திருகாணியைக் கழற்றுங்க."

"எப்படிங்க கழற்றறது? நகராததெல்லாம் கட்டடம். கட்டடத்து மேல உங்களுக்குத் துளி அதிகாரம் இல்லைன்னு உங்க கையேட்டுலயே இருக்கே. ஐயாதான் படிச்சுக் காட்டினார்." குமாஸ்தா ஜன்னலுக்குள்ளிருந்து பக்க எண்ணைச் சொன்னார்.

நகர்வுச் சோதனை அலுவலரை அழைத்துவந்தார்கள். அவர் இடுப்புப் பட்டையைச் சரிசெய்துகொண்டு, ஆள்காட்டி விரலை வைத்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்து அழுத்தினார். இந்தத் தடவை இரண்டு கையாலும் அழுத்தினார். பிறகு தோளாலும்.

"நகரவில்லை," என்றார். அவருடைய உத்தியோக வாழ்க்கையில் அது முதல் முறையாக உண்மையாக இருந்தது. அதைச் சொல்லிவிட்டு, முதுகு ஞாபகம் வந்தவராக, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

அதற்குள் மிச்ச இடமும் நிறைந்துவிட்டது. முன்னால் நின்ற கைக்குழந்தைக்காரி பையை உள்ளே போட்டு மூடிவிட்டுக் குழந்தையை மடியில் சரித்துக்கொண்டாள். எண் கிடைத்துவிட்ட மெத்தைக்காரரும் உட்கார்ந்தார். மூன்று வருஷத்துக்கும் சேர்த்து உட்கார்ந்தார். பெஞ்சு, புதுமரம் பாரத்தில் பழகும்போது வருகிற சின்னச் சத்தத்தை ஒருமுறை போட்டது.

இயக்குநர் சுற்றும் முற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, பெஞ்சின் முனையில் நின்றுகொண்டிருந்த நாத்தனாரிடம், உட்கார்ந்திருக்கிறவர்களைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னால் தானும் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொள்வதாகச் சொன்னார்.

"தாராளமா சார்," என்றாள் நாத்தனார், நடைகூடத்தின் மறுமுனையைக் கையால் காட்டி. "டோக்கன் எடுத்துட்டு வாங்க. உங்களுக்கு முன்னாடி தொண்ணூத்தி நாலு பேர் இருக்காங்க."